பத்தரை மணிச் சோறு

போன வாரம் ஆசிரியர் அறையில் நடந்தது இது. இந்த வருடம் புதிதாக வந்த கணக்கு டீச்சருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மூன்றாவது பீரியடுக்கு முன்னால் கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். என்னம்மா என்றேன். "அல்சர்க்கா. காலேஜ் படிக்கும்போதே வந்தது. எரிஞ்சா ஒண்ணு போட்டுக்குவேன், அடங்கிடும்" என்றாள். மணி அடித்தது, நோட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்தப் பீரியட் ஓய்வு. திருத்த வேண்டிய தாள்கள் முன்னால் கிடந்தன, கை ஓடவில்லை. அவள் சொன்னதை அப்படியே 14 வருடம் நான் சொல்லியிருக்கிறேன். வார்த்தைகூட மாறவில்லை. டாக்டரிடம், தோழிகளிடம், கல்யாண வீட்டில் வத்தக்குழம்பு வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைக்கும்போது, எல்லா இடத்திலும் "எனக்கு அல்சர்" என்றுதான் சொன்னேன். எனக்கு அல்சர் இருந்ததே இல்லை.

நம் பக்கத்தில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது எரிந்தாலும் அதற்குப் பெயர் அல்சர். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர், காரம் தின்றால் அல்சர், மனக்கவலை இருந்தால் அல்சர். பெயர் வந்ததுமே அதன் பின்னால் வைத்தியமும் வந்துவிடுகிறது: வயிற்றைக் காயப்போடாதே, அடிக்கடி எதையாவது சாப்பிடு, ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் பால் குடி. மூன்றையும் நான் ஒரு நாள் தவறாமல் செய்தேன். ராத்திரிப் பாலை என் மாமியார் ஆற்றி, சர்க்கரை குறைத்துப் போட்டு, படுக்கை வரைக்கும் கொண்டுவந்து கொடுப்பார். குடித்துவிட்டுப் படுப்பேன். பத்து நிமிடம் இதமாக இருக்கும். அப்புறம் நடு ராத்திரியில் நெஞ்சு கரிக்கும்.

குனிந்தால் வரும் புளிப்பு

உடம்பு எனக்கு முதலிலேயே சொல்லிவிட்டது. கேட்கத்தான் தெரியவில்லை. மார்கழியில் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவேன். பதினைந்து புள்ளி, எட்டு வரை இடைப்புள்ளி. முதல் இரண்டு வரிசை வைக்கும்வரை ஒன்றும் தெரியாது. மூன்றாவது வரிசைக்குக் குனியும்போது, நெஞ்சுக்குழியிலிருந்து சூடாக ஒன்று மேலே ஏறி அடிநாக்கில் வந்து நிற்கும். பழைய மோரும் புளியும் கலந்த மாதிரி ஒரு சுவை. விழுங்கினால் போகிற வழியெல்லாம் எரியும், பல் கூசும். நிமிர்ந்து நின்றால் ஒரு நிமிடத்தில் அடங்கும். மறுபடி குனிந்தால் மறுபடி வரும். கோலமாவைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்து நிற்பேன். வெறும் வயிறுதான் காரணம் என்று நினைத்து, அடுத்த நாள் இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் குனிந்தேன். இன்னும் மோசமாயிற்று. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பசியால் வருகிற எரிச்சல் குனிந்தால் கூடி நிமிர்ந்தால் குறையுமா?

இரண்டாவது சாட்சி என் குரல். காலையில் முதல் பீரியடில் குரல் கரகரவென்று இருக்கும், அடிக்கடி தொண்டையைச் செருமுவேன். மதியம் சரியாகிவிடும். சாக்பீஸ் தூள் என்று நான் சொன்னேன், எல்லோரும் ஆமாம் என்றார்கள். இருபது வருடமாகச் சாக்பீஸ் பிடிக்கிற தொழில், வேறு காரணம் யாருக்குத் தோன்றும்? தூள்தான் காரணம் என்றால் சாயந்திரம்தானே குரல் கட்ட வேண்டும், ராத்திரி முழுக்கப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளிப் படுத்து எழுந்த பிறகு ஏன் கட்டுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். படுத்திருக்கும்போது தொண்டைவரை ஏறி வருகிற அமிலம் குரல்நாணை உறுத்துகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்று பெப்பர்மிண்ட் மிட்டாய் வேறு எப்போதும் பையில் வைத்திருப்பேன். இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தக்கூடிய பொருட்களில் பெப்பர்மிண்டும் ஒன்று.

பாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நம் பாட்டிகள் மட்டும் நம்பிய வைத்தியம் கிடையாது. 1915-இல் சிகாகோவில் பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர், குடல்புண் நோயாளிகளுக்கு மணிக்கு ஒரு தரம் பாலும் கிரீமும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பத்தாண்டுகள் ஆஸ்பத்திரிகளிலேயே அது நடந்தது. பால் அந்த நேரத்துக்கு அமிலத்தைத் தணிக்கிறது, உண்மைதான். ஆனால் அதிலிருக்கும் புரதமும் கால்சியமும் வயிற்றை இன்னும் அமிலம் சுரக்கச் சொல்கின்றன. 1976-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கொழுப்புள்ள பால், கொழுப்பு குறைத்த பால், கொழுப்பே எடுத்துவிட்ட பால் மூன்றுமே அமிலச் சுரப்பைக் கூட்டின. உண்மையான அல்சருக்கே பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியா, இல்லாவிட்டால் வலி மாத்திரைகள். அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்த வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நாம் இன்னும் மிளகாயைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

"உங்களுக்கு அல்சர் இல்லம்மா"

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் இட்லி நெஞ்சில் நின்றுவிட்டது. மூச்சு அடைக்கவில்லை, பேச முடிந்தது. ஆனால் விழுங்கிய துண்டு மார்பெலும்புக்குப் பின்னால் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. தண்ணீர் குடித்தேன், அதுவும் அதன் மேலேயே நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும், அப்புறம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த இரண்டு நிமிடத்தில் வந்த பயம்தான் என்னை மருந்துக் கடையைத் தாண்டி வயிற்று மருத்துவரிடம் கொண்டுபோனது. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போனேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவில் வளையம் வைத்துக் குழாயை விட்டார்கள். பார்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் தள்ளிப்போட்டது இந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான்.

அந்த மருத்துவர் நிதானமாகப் பேசுகிறவர். படங்களைக் காட்டிச் சொன்னார்: "வயித்துல புண் எதுவும் இல்ல. அதுக்கு அடுத்த குடல்லயும் இல்ல. புண் இருக்கிறது மேல, உணவுக்குழாயோட அடியில." வெளிர் இளஞ்சிவப்பாக வழவழவென்று இருக்க வேண்டிய சுவரில், நகத்தால் கீறிய மாதிரி மூன்று சிவப்புக் கோடுகள். அதை 'கிரேடு பி' என்று எழுதியிருந்தார்கள். கீறலின் நீளம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் 'ஏ'யிலிருந்து 'பி'க்கு ஏறுமாம். எனக்கு அது உடனே மனதில் ஏறவில்லை. "அப்ப அல்சர் ஆறிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். "உங்களுக்கு அல்சர் இல்லம்மா. இது அமிலம் மேல ஏறி வர்றது" என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. காரம் சாப்பிடுவீர்களா, டென்ஷன் உண்டா என்று கேட்பார் என நினைத்தேன். "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்றார்.

"பத்தரை ஆகும்."

"படுக்கிறது?"

"பதினொண்ணு, பதினொண்ணே கால்."

அவர் சீட்டைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்தார். மேலே ஒரு குழாய், கீழே ஒரு பை, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வளையம். எனக்கு அதைப் பார்த்ததும் ஆச்சியின் சுருக்குப்பை ஞாபகம் வந்தது. வெற்றிலை பாக்கும் சில்லறையும் போட்டு இடுப்பில் செருகியிருப்பாள். கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். நம் இரைப்பையின் மேல்வாயிலும் அப்படி ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, மற்ற நேரத்தில் இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். வெளியே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானமும் அதைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. வயிறு நிறைந்து விரியும்போது, உள்ளே சேர்ந்த காற்றை வெளியே விட அந்த வளையம் கொஞ்ச நேரம் தானாகத் தளரும். அதுதான் ஏப்பம். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது காற்று மட்டும் மேலே வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால், காற்று வரவேண்டிய வழியில் குழம்பும் அமிலமும் வரும். வயிற்றின் சுவருக்குச் சளிப்பூச்சு ஒரு கவசம், அமிலம் அதை ஒன்றும் செய்யாது. உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் கிடையாது. அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸில் திரும்பி வரும்போது பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "உங்களுக்கு அமிலம் அதிகம்னு நினைக்காதீங்க. இருக்க வேண்டிய அளவுதான் இருக்கு. இருக்க வேண்டிய இடத்துல இல்ல."

ராத்திரி ஏன் இத்தனை மோசம் என்பதும் அன்றுதான் புரிந்தது. பகலில் அமிலம் கொஞ்சம் மேலே வந்தாலும் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம், அது கழுவிவிடுகிறது. எச்சிலுக்கே அமிலத்தை முறிக்கும் குணம் உண்டு. தூங்கும்போது எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. ஏறிய அமிலம் ஏறிய இடத்திலேயே தங்கிக்கிடக்கும். எண்ணெயும் தேங்காயும் சேர்ந்த சாப்பாடு வயிற்றை விட்டு இறங்கவே மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. நான் அதற்குக் கொடுத்த நேரம் அரை மணி.

ஏழு மணிக்கு ஒரு தட்டு

"ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூணு மணி நேரம் விடுங்க." சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான். மாத்திரை வாங்குவது போல இதை வாங்கிக்கொண்டு வந்துவிட முடியவில்லை. என் வீட்டுக்காரர் மளிகைக் கடையைச் சாத்திவிட்டு வர ஒன்பதே முக்கால் ஆகும். அவர் குளித்துச் சாப்பிட்டு, பையன் டியூஷன் முடிந்து வந்து சாப்பிட்டு, மாமியாருக்கு எடுத்துவைத்து, அதற்குப் பிறகு என் தட்டு. பத்தரை மணிச் சோறு என்பது நான் தேர்ந்தெடுத்தது கிடையாது. அது என் அம்மா சாப்பிட்ட நேரம், என் மாமியார் சாப்பிட்ட நேரம். அதிலும் பாத்திரத்தில் மிஞ்சியிருப்பதை வீணாக்கக் கூடாதென்று இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டுக்கொள்வேன். பள்ளியில் மதியம் இருபது நிமிடத்தில் டிபன் பாக்ஸ் சாப்பாடு, ராத்திரிதான் வயிறு நிறையச் சாப்பாடு. அப்புறம் குனிந்து பாத்திரம் துலக்கி, குனிந்து அடுப்படியைத் துடைத்து, பால் குடித்துவிட்டுப் படுக்கை. இரைப்பையின் வாய் தளர இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமானால் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன், "ஏங்க, நாளையிலேருந்து நான் ஏழு மணிக்கே சாப்பிட்டுடலாம்னு பார்க்கிறேன்" என்று. "சாப்பிடேன், அதுக்கென்ன" என்றார். அவருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்தது. எனக்குத்தான் முடியவில்லை. முதல் நாள் ஏழு மணிக்கு இரண்டு இட்லியும் பாசிப்பருப்புச் சாம்பாரும் வைத்துக்கொண்டு அடுப்படி மூலையில் உட்கார்ந்தபோது, எதையோ எடுக்கக் கூடாததை எடுத்துத் தின்பது போல இருந்தது. தண்ணீர் எடுக்க வந்த அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். மூன்று நாள் அப்படியே போயிற்று. நான்காம் நாள் கேட்டுவிட்டார்: "அவன் நாள் பூரா நின்னுட்டு வர்றான். அவன் வர்றதுக்குள்ள உனக்கு அப்படி என்னம்மா பசி?"

கோபம் வந்தது, உண்மை. பதில் சொல்லாமல் உள்ளே போய் அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது உன் உள்ளாறயா?" என்றார். "ஆமாம் அத்தை. சாப்பிட்டு உடனே படுக்கிறதால வந்தது. படுக்கிறப்ப பாலும் குடிக்கக் கூடாதாம்." அவர் விரல் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே இருந்தது. "நான்தானே தினம் ஆத்திக் கொடுத்தேன்" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. 14 வருடம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்த டம்ளர் அது. எனக்குக் காய்ச்சல் என்றாலும் வந்தது, அவருக்குக் காய்ச்சல் என்றாலும் வந்தது. அந்த வீட்டில் எனக்கென்று ஒருவர் செய்த ஒரே வேலை அது. "சாயந்திரம் நாலரைக்குக் கொடுங்க அத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடிக்கிறேன்" என்றேன். இன்றைக்கும் நாலரைக்கு வருகிறது. ராத்திரி வீட்டுக்காரர் தானே போட்டுச் சாப்பிடுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். முன்பு பரிமாறும் அவசரத்தில் அந்தப் பேச்சு இருந்ததில்லை.

பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவர் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் இன்னும் இரவுண்ணாமை காக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இருட்டில் பூச்சிகளுக்குத் தீங்கு வரக்கூடாது என்பதற்காக வந்த நோன்பு அது. அவர் சொன்னபோது எனக்குத் தோன்றியது, அந்த வீட்டுப் பெண்களும் ஆண்களோடு ஒரே நேரத்தில்தான் சாப்பிட்டு முடிக்க வேண்டும், சூரியன் யாருக்கும் தனியாகக் காத்திருக்காது.

கட்டிலும் நாடாவும்

மற்ற மாற்றங்கள் சின்னவை, ஆனால் சரியாகச் செய்தால்தான் பலன். தலையணையை இரண்டு மூன்றாக அடுக்குவது பயனில்லை. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அழுந்துகிறது, அது எதிர்வேலை செய்கிறது. கட்டிலே சாய்வாக இருக்க வேண்டும். முதலில் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்தோம், ஆறு அங்குலம். ராத்திரி திரும்பிப் படுத்தால் கல் நகர்ந்தது. அப்புறம் தெருக்கோடி ஆசாரி, இடித்த வீட்டு உத்திரத்திலிருந்து இரண்டு கட்டை அறுத்து, நடுவில் கால் உட்காரும்படி ஓர் அங்குலம் குடைந்து கொடுத்தார். அது அசையவில்லை. படுக்கும்போது இடப்பக்கம் சாய்ந்து படுக்கிறேன். இரைப்பை இடப்பக்கம் தொங்குகிற பை, அப்படிப் படுத்தால் அதன் வாய் மேலேயும் குழி கீழேயும் அமைகிறது. வலப்பக்கம் படுத்தால் தலைகீழ்.

சேலை கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. பாவாடை நாடாவை நான் தடம் பதிகிற அளவுக்கு இறுக்கிக் கட்டுவேன், கொசுவம் நழுவக் கூடாதென்று. மேலே இருக்கிற சுருக்கு தளர்ந்துகிடக்கும்போது கீழே இருக்கிற நாடாவை இறுக்கினால் உள்ளே இருப்பது எங்கே போகும்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் இடுப்பிலேயே இறுக்கமாகப் பெல்ட் கட்டிப் பார்த்தார்கள், அமிலம் வழக்கத்தைவிட மேலே ஏறியது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. இப்போது அகலமான எலாஸ்டிக் வைத்த பாவாடை கட்டுகிறேன். ஒரு வருடத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். கோலம் போடும்போது தெரிந்த வித்தியாசம் மாத்திரையால் வந்ததைவிட இதனால் வந்ததுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டில் எதை விடுவது என்று ஆளுக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். எல்லோருக்கும் பொதுவான பட்டியல் இல்லை என்பதுதான் என் அனுபவம். பையனின் பழைய நோட்டு ஒன்றில் ஆறு வாரம் எழுதிப் பார்த்தேன், சாப்பிட்டது, நேரம், எரிந்ததா இல்லையா. காலைக் காப்பி, நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தது, டிபனுக்குப் பிறகு குடித்தால் ஒன்றுமே செய்யவில்லை. வத்தக்குழம்பு மதியம் சாப்பிட்டால் பிரச்சினையில்லை. ராத்திரித் தக்காளி ரசமும், சாயந்திர பஜ்ஜி வடையும்தான் பெரும்பாலும் மாட்டின. 14 வருடம் நான் வத்தக்குழம்பைத் தொடாமல் இருந்தேன். அது இப்போதும் எனக்கு ஆறவில்லை.

அந்த மாத்திரை

மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. அந்தக் கீறல்கள் ஆறியது மாத்திரையால்தான். ஆனால் அதை நான் அதுவரை சாப்பிட்ட முறை முழுக்கத் தவறு. பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் எரியும்போது போட்டு அடக்குகிற மருந்து கிடையாது. வயிற்றுச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு வரும்போது அவை விழித்து வேலை செய்யும். அப்படி வேலை செய்யும் பம்பைத்தான் மாத்திரை நிறுத்தும். அதனால் காலையில் சாப்பிடுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் போட்டாக வேண்டும். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். எனக்கு எட்டு வாரம் எழுதிக் கொடுத்தார்கள். எரியும் அந்த நிமிடத்துக்கு ஜெல் மருந்து வேறு.

நிறுத்துவதில் ஒரு சங்கதி இருக்கிறது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாக எத்தனையோ முறை நிறுத்திப் பார்த்து, முன்னைவிட மோசமாக எரிந்து, நோய் முற்றிவிட்டதென்று பயந்து திரும்பப் போட ஆரம்பித்திருக்கிறேன். டென்மார்க்கில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு இந்த வகை மாத்திரையை எட்டு வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட மற்றப் பாதியில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அடக்கிவைத்த சுரப்பு, தடை போனதும் கொஞ்ச நாள் பொங்குகிறது. இது தெரிந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். இந்த முறை டாக்டர் சொன்னபடி அளவைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, ஒரு மாதத்தில் விட்டேன். எல்லோரும் விடலாம் என்று சொல்லவில்லை. உணவுக்குழாய்ப் புண் கடுமையாக இருப்பவர்களும், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் பெரியவர்கள் பலரும் தொடர்ந்து போட வேண்டியிருக்கும். வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12, மக்னீசியம் குறையலாம், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவு டாக்டரோடது. மருந்துக் கடைக் கவுன்டரில் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் மாமா ஒருவருக்குக் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்ததும் நெஞ்சில் பாரமாக எரிச்சல். கேஸ்தான் என்று கோலி சோடா கொடுத்தார்கள், பெருங்காயம் கொடுத்தார்கள், நெஞ்சை நீவிவிட்டார்கள். சட்டை வியர்வையில் நனைந்ததை யாரோ கவனித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டு மணி நேரம் போயிருந்தது. மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் முன்போல மாடிப்படி ஏற முடிவதில்லை. வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் எரிச்சல், இவை வந்தால் ஈசிஜி எடுக்காமல் கேஸ் என்று முடிவுகட்டக் கூடாது. பெண்களுக்கு மாரடைப்பு வெறும் எரிச்சலாகவும் அசதியாகவும்கூட வரலாம். அதே போல விழுங்க முடியாமை, காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, இவற்றுக்கும் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. இட்லி நின்ற அன்றைக்கே நான் கிளம்பியது என் அதிர்ஷ்டம்.

நேற்று கணக்கு டீச்சரைப் பிடித்து உட்காரவைத்தேன். எப்போது எரிகிறது என்று கேட்டேன். குனிந்து பிள்ளைகள் நோட்டைப் பார்க்கும்போது வருமாம், ராத்திரி படுத்ததும் வருமாம். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்றேன். "அவர் வர்றதுக்கே பத்தாகும்கா. அதுக்கப்புறம்தான்" என்றாள். ஏழு மணிக்குச் சாப்பிடு என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. கும்பகோணத்து டாக்டரின் நம்பரைக் கொடுத்தேன். என் பரிசோதனைத் தாளைக் காட்டினேன், அத்தையின் பால் கதையைச் சொன்னேன். அவள் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க வீட்ல கட்டில் இரும்பு. கட்டை நிக்குமாக்கா?" என்றாள். நிற்கும், காலின் அகலத்தை அளந்து அனுப்பு, ஆசாரியிடம் சொல்லிக் குடையச் சொல்கிறேன் என்றேன். ராத்திரி எட்டேகாலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கட்டில் காலின் பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலைப் பிடித்திருந்தாள். "ஒண்ணேமுக்கால் இன்ச்சுக்கா. நான் சாப்பிட்டாச்சு" என்று எழுதியிருந்தது.